வாங்கியவன் கேட்காத சத்தம்

ஆனியில் குற்றாலத்தில் சாரல் கட்டினால் ஆடியில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும். பூத்த படம் ஒன்று போனில் பரவினால் போதும், வண்டிகள் வர ஆரம்பிக்கும். 1992-இல் 'ரோஜா' படத்தைப் பார்த்து ரோஜாவின் ஊர் இது என்று தெரிந்துகொண்ட தலைமுறை வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்தது. 2005-இல் 'அந்நியன்' பார்த்தவர்கள், நடிகர்களின் முகங்களை வரைந்த பாறையைத் தேடி வந்தார்கள். அந்தப் பாறைக்கே இப்போது அந்நியன் பாறை என்றுதான் பெயர். இப்போது வருகிறவர்கள் மூன்றாவது கோஷ்டி. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், 390 அட்வென்சர். மதுரையிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, திருவனந்தபுரத்திலிருந்து, மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தால் பெங்களூரிலிருந்தும். பூ கிழக்கே திரும்பியிருக்கும்போது வெளிச்சம் மஞ்சளாக விழுமாம். அதனால் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். முதலில் சத்தம் வரும். அப்புறம் ஹெட்லைட். கடைசியாகத்தான் ஆள்.

அந்த வண்டிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. தார் ரோடு முடிகிற இடத்தில் நிற்காமல் வண்டிப்பாதையிலும் கண்மாய்க் கரையிலும் ஏறிப் போகிற வண்டி வேண்டும் என்பது நல்ல ஆசை. 2016-இல் ஹிமாலயனும் 2019-இல் எக்ஸ்பல்ஸும் வந்த பிறகுதான் அந்த ஆசை இங்கே மாதச் சம்பளக்காரனுக்கும் எட்டியது. என் சண்டை அந்த வண்டியின் ஒரே ஒரு உறுப்போடுதான். வாங்கியவன் முதல் சர்வீஸுக்கு முன்பே கழற்றி மாற்றுகிற உறுப்பு.

"ப்ரோ, இதுக்கு எந்த சைலன்சர் போடலாம்?"

இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தன் பேஸ் நல்லா இருக்கும் என்பான். இன்னொருத்தன் தம்ப் வேணும்னா இது, கிராக்கிள் வேணும்னா அது என்று பிரித்துக் கொடுப்பான். புல்லட்காரர்களிடம் இதற்கென்று ஒரு நிகண்டே உண்டு: ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்ட்ஸ்டார், பஞ்சாப், இந்தோரி. டைட்டானியமா ஸ்டீலா, ஸ்லிப்-ஆனா ஃபுல் சிஸ்டமா என்று ராத்திரி ஒரு மணி வரை பேசுவார்கள். நல்லது. ஆனால் எல்லாருமே ருசியைப் பற்றிப் பேசுகிறார்கள். தின்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்பது யார்?

ஓட்டுகிறவன் கேட்கிறான் என்றுதானே நினைக்கிறோம். கடை வாசலில் நின்று முறுக்கிப் பார்க்கும்போது கேட்கிறான், வாஸ்தவம். டீக்கடை முன்னால் கிளப்பும்போது கேட்கிறான். ஹைவேயில் ஏறி 90, 100 போகும்போது? ஹெல்மெட்டுக்குள் அடிக்கிற காற்றின் இரைச்சலே 95, 100 டெசிபெலைத் தொட்டுவிடும். அதனால்தான் தொலைதூரம் ஓட்டுகிற விவரமானவர்கள் காதில் இயர்பிளக் வைத்துக்கொள்கிறார்கள். அதாவது, முப்பதாயிரம் கொடுத்துச் சத்தம் வாங்கி, பிறகு இருநூறு ரூபாய்க்குப் பஞ்சு வாங்கி அது கேட்காமல் அடைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். புகைபோக்கியின் வாய் பின்னால் பார்த்து இருக்கிறது. ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். சத்தம் அவனுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டே போகிறது. உமிக் குவியலை அவிழ்த்துவிட்ட டிராக்டர் மாதிரி. ஓட்டுகிறவன் கண்ணில் உமி விழுவதில்லை.

சரி, ரீல்ஸ் பார்க்கிறவர்கள் கேட்கிறார்களா? அதுவும் இல்லை. சூரியகாந்தித் தோட்டத்து ரீல்ஸ் நூறு பார்த்துவிட்டேன், வண்டி தன் குரலில் பேசுகிற ரீல் அபூர்வம். எடிட் பண்ணும்போது முதலில் மியூட் ஆவது அந்தச் சத்தம்தான். அதன் மேல் ரகுமான், இளையராஜா, அல்லது "தனிமை", "அமைதி", "என்னைத் தேடி" என்று எவனோ கரகரத்த குரலில் பேசுகிற ஒன்று. இலக்கியம் வாசிக்கிற நம்ம ஆட்கள் இதில் சளைத்தவர்கள் இல்லை. மௌனத்தைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுகிற கையும் ஆக்சிலரேட்டரை முறுக்குகிற கையும் ஒரே கைதான்.

அப்படியென்றால் அந்தச் சத்தத்தைக் கேட்பவர்கள் மிச்சம் யார்? ஊரில் இருக்கிறவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு மியூட் பட்டன் கிடையாது.

இது புலம்பல் இல்லை, கணக்கே போட்டுக் காட்டலாம். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு நம் விதி வைத்திருக்கிற வரம்பு 80 டெசிபெல். வண்டி வேகமெடுத்துப் போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். டிபி கில்லர் என்கிற அந்தச் சின்னக் குழாயைக் கழற்றித் தூரப்போட்ட வண்டி ஒன்று அதே தூரத்தில் 95 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்துதானே கூடுதல் என்று தோன்றும். டெசிபெல் அப்படிக் கூட்டுகிற எண் இல்லை. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு; 15 கூடினால் முப்பது மடங்குக்கும் மேல். கம்பெனி சைலன்சரோடு முப்பது ஹிமாலயன்கள் ஒன்றாகத் தெருவில் முறுக்கிக்கொண்டு போவதும் இந்த ஒரு வண்டி போவதும் ஒலியின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான்.

இன்னொன்று, திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். 7.5 மீட்டரில் 95. 15-இல் 89. 30-இல் 83. அப்படியே போனால் 240 மீட்டரில் 65, அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான 480 மீட்டரில் 59. மண்ணும் பயிரும் கொஞ்சம் குடிக்கும், காற்று திசை மாற்றும். இது காகிதக் கணக்குதான். ஆனாலும் பாருங்கள்: குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45. மஞ்சள் வெளிச்சம் பிடிக்க ஐந்தரைக்கு ஊருக்குள் நுழைகிற வண்டி நுழைவது அந்த 45 நேரத்தில். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள் ஊரைவிட்டு எங்கோ தள்ளி வனாந்தரத்தில் இல்லை. தெரு முடிந்தால் வயல், வயல் முடிந்தால் தெரு. ஐந்தரை மணிக்கு அங்கே தூங்குகிறவர்களில் அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்ட பிள்ளை இருக்கும், ராத்திரி தண்ணி பாய்ச்சிவிட்டு மூணு மணிக்குப் படுத்தவர் இருப்பார்.

ஒருமுறை டீக்கடையில் அண்ணாச்சி ஒருவர், அப்போதுதான் வந்து நின்ற வண்டிக்காரரிடம் ரொம்ப அக்கறையாகக் கேட்டார். "சைலன்சர் ஓட்ட விழுந்துட்டா தம்பி? சுரண்டை போற வழியில ஆள் இருக்கான், வெல்டு வச்சுக் கொடுப்பான்." கிண்டல் பண்ணுகிறார் என்று அந்தத் தம்பி நினைத்தான். அவர் நிஜமாகத்தான் கேட்டார். சைலன்சர் என்ற சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான்: சத்தத்தை அடக்குவது. அமெரிக்காக்காரன் மஃப்ளர் என்கிறான், விற்கிறவன் எக்ஸாஸ்ட் என்கிறான். நாம் மட்டும்தான் பிடிவாதமாக சைலன்சர் என்று சொல்லிக்கொண்டே "சைலன்சர்ல சவுண்டு பத்தல" என்கிறோம். குடையில் மழை பத்தலை என்கிற மாதிரி.

சத்தத்துக்காக இல்லை, பிக்கப்புக்காக மாற்றினேன் என்பவர்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த நம்பிக்கை முழுப் பொய் இல்லை. அது வேறொரு வண்டியைப் பற்றிய உண்மை. நம்முடைய அப்பாக்களும் மாமாக்களும் ஓட்டிய ஆர்எக்ஸ் 100-ஐப் பற்றிய உண்மை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. எரிந்த வாயு வெளியே போகிற நேரத்திலேயே புதிய கலவையும் உள்ளே வருகிறது. வந்ததில் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடிவிடும். இங்கேதான் சைலன்சரின் வேலை. வயிறு பெருத்து வால் சிறுத்த அந்தக் குழாயில் போன அழுத்த அலை, குறுகுகிற இடத்தில் மோதித் திரும்பி வந்து, ஓடிப்போகப் பார்த்த கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். சரியான நேரத்தில் தள்ளினால் வண்டி சீறும். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இதைத் துல்லியமாகக் கணக்குப் போட்டு வென்றார். 1961-இல் அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி ஓடி, அந்த ரகசியத்தோடு சுசுகியில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே சுசுகி உலக சாம்பியன். ஒரு புகைக்குழாயின் வளைவுக்காக நடந்த உளவுக்கதை இது. தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஆக, டூ ஸ்ட்ரோக்கில் குழாய் எஞ்சினின் பாதி. அதை மாற்றினால் வண்டியே மாறும். 1996-இல் ஆர்எக்ஸ் 100 நின்றுபோனது, டூ ஸ்ட்ரோக்கே மெல்ல மறைந்தது. நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு இருக்கிறது. குழாய் உதவும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அதுவும் இன்றைய வண்டியில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று புகையை மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சைலன்சரை மாற்றினாலும், நிதானமாக ஓட்டும்போது இசியூ கலவையை இழுத்துப் பிடித்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். முழுக்க முறுக்கும்போதுதான் வித்தியாசம். அப்போது எரிபொருள் பற்றாமல் கலவை மெலிந்து சூடு ஏறும். பழைய 411 ஹிமாலயன் மாதிரி காற்றிலும் ஆயிலிலும் குளிர்கிற எஞ்சினுக்கு அந்தச் சூடு நல்லதில்லை. ஸ்லிப்-ஆன் ஒன்று கொடுக்கிற கூடுதல் சக்தி, கொடுத்தால், ஒன்றோ ஒன்றரையோ குதிரைத்திறன். அதுவும் மேல் ஆர்பிஎம்மில். 411-இன் முறுக்குவிசையான 32 நியூட்டன் மீட்டர் கிடைப்பது நாலாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில். கண்மாய்க்கரையில், ஈர மண்ணில், முதல் கியரில் இரண்டாவது கியரில் உங்களைத் தூக்கிவிடுவது அந்தக் கீழ்ப்பகுதி இழுவைதான். வாய் அகலமான குழாயைப் போட்டு மேலே ஒன்று வாங்கிக் கீழே ஒன்று தொலைப்பது ரேஸ் டிராக்கில் நியாயம். வரப்பு ஓரத்தில் என்ன நியாயம்?

எடை குறையும் என்பார்கள். சில கிலோ குறையும், உண்மை. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டியில் சில கிலோவைக் குறைத்துவிட்டு, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, ஜெர்ரி கேன், கிராஷ் கார்டு, டாப் பாக்ஸ் என்று நாற்பது கிலோ ஏற்றுகிறவர்தான் இதைச் சொல்வார்.

இனி கோஷத்துக்கு வருவோம். "சத்தமான பைப் உயிரைக் காப்பாற்றும்." இது அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டிக்கர் வாசகம். லாரிக்காரன் நம்மைப் பார்க்காவிட்டாலும் சத்தத்தைக் கேட்டு ஒதுங்குவான் என்பது வாதம். அதே அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981-இல் வெளிவந்த ஆய்வு, மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஆபத்துகளில் முக்கால் பங்குக்கும் மேல் வந்தது ஓட்டுகிறவனின் நேர் முன்னே, இடமும் வலமும் 45 டிகிரிக்குள். உங்கள் சத்தம் போவது பின்பக்கம். எதிரே வந்து வெட்டித் திரும்புகிற மினிபஸ் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறார். உங்கள் பேஸ் அவருக்குக் கேட்கும்போது நீங்கள் அவரைத் தாண்டியிருப்பீர்கள், அல்லது தாண்டியிருக்க மாட்டீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க மண்பாதை ஓட்டிகளிடம் இன்னொரு கோஷமும் உண்டு. சத்தம் குறைந்தால் நிலம் கூடும் என்று அதைத் தமிழில் சொல்லலாம். காடும் பண்ணையும் ஓட்டிகளுக்கு ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று சத்தம் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கே பல இடங்களில் மண்பாதை வண்டியின் பைப்புக்கு அரை மீட்டர் தூரத்தில் மீட்டர் வைத்து 96 டெசிபெலுக்கு மேல் போனால் உள்ளே விடுவதில்லை. காட்டு நிலத்தில் தீப்பொறி தடுக்கும் வலை இல்லாத சைலன்சரோடு நுழைய முடியாது. நம் ஊர் சாகச வண்டி அவர்களைப் பார்த்துப் பிறந்தது. பெட்டி, பூட்ஸ், ஜாக்கெட், சொல் எல்லாமே அங்கிருந்துதான். இரண்டு கோஷங்களில் எதை இறக்குமதி செய்தோம், எதைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று பாருங்கள்.

இதுவரை எளிய எதிர்வாதங்கள். கடினமான ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப்போனால் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை இல்லை.

தென்மாவட்டத்தில் சத்தம் என்பது வெறும் டெசிபெல் இல்லை. யார் தெருவில் யார் வண்டியில் உட்கார்ந்து போகலாம், யார் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதற்கு இங்கே நெடிய சரித்திரம் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்பது குடும்பத்தார் கொடுத்த புகார். மூன்று பேர் கைதானார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் உட்கார்ந்துகொண்டு "சத்தத்தைக் குறை" என்று எழுதினால் அது யாருடைய குரல்? "அடங்கிப் போ" என்பதன் படித்த வடிவம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

நான் நினைப்பது இது. அந்த மாணவருக்கு மறுக்கப்பட்டது எல்லாருக்கும் உள்ள உரிமை. கடையில் விற்கிற வண்டியை வாங்கி, அது போடுகிற சத்தத்தோடு, எந்தத் தெரு வழியாகவும் நிமிர்ந்து உட்கார்ந்து போகிற உரிமை. அதற்கு எதிராக ஒரு சொல்கூட இந்தக் கட்டுரையில் இல்லை. கம்பெனி புல்லட்டின் சத்தத்தையே பொறுக்காதவனுக்கு வேண்டியது சைலன்சர் இல்லை, ஜெயில். ஆனால் வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து வந்து, யாரென்றே தெரியாத ஊரின் தெருவைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தத்துக்கு இந்தச் சரித்திரத்தைக் கடன் வாங்க முடியாது. அவனை அங்கே யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவன் எழுந்து நிற்பது யாருக்கு எதிராக? பூவுக்கு எதிராகவா? அடக்கப்பட்டவன் எழுப்புகிற சத்தத்துக்கு எதிரில் ஒரு முகம் இருக்கிறது. அது அவன் தினமும் பார்க்கிற முகம். இவனுடைய சத்தத்துக்கு எதிரில் யாருமில்லை, அதனாலேயே எல்லார் மேலும் விழுகிறது. அந்தக் காலையில் தூக்கம் கலைகிற வீடுகளில் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகள்தான் அதிகம்.

அப்புறம் கொடை. "கோயில் கொடைக்கு மூணு நாள் ரேடியோ செட்டு கட்டி அலற விடுறாங்களே, அது உங்க காதுல விழாதா?" விழுகிறது. சில கொடைகளில் வில்லுப்பாட்டுக்காரரின் குடத்துச் சத்தமே கேட்காத அளவுக்கு ஸ்பீக்கர் அடுக்குகிறார்கள், அதைப் பற்றியும் சண்டை போட வேண்டும்தான். கிராமம் ஒன்றும் தியான மண்டபம் இல்லை. பம்ப்செட், டிராக்டர், டவுன் பஸ் ஹாரன், மயில். மயிலின் குரலைக் கேட்டவர்கள் அதை அமைதியில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் கொடைக்குத் தேதி உண்டு. வரி கொடுத்தவன் கேட்கிறான். சத்தம் தாங்கவில்லை என்றால் போய்ச் சண்டை போட ஒரு கமிட்டி இருக்கிறது, கமிட்டியில் சித்தப்பா இருக்கிறார். சைலன்சர்காரனிடம் சண்டை போடலாம் என்று ஆச்சி கட்டிலைவிட்டு எழுந்து வெளியே வருவதற்குள் அவன் ஆய்க்குடி தாண்டிவிடுவான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, புகை விதியை மீறினால் 190-ஆம் பிரிவின்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். புளியரை செக்போஸ்ட் தாண்டினால் கேரளம். அங்கே 2022-இல் 'ஆபரேஷன் சைலன்ஸ்' என்று பெயர் வைத்தே பிடித்தார்கள். எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை போகிற வண்டிக்காரர்களில் சிலர் டிபி கில்லரைப் பையில் வைத்துக்கொண்டு வந்து எல்லைக்கு முன்னால் மாட்டுவது உண்டு. அந்தப்பக்கம் போலீஸ் இருக்கிறது, இந்தப்பக்கம் ஆட்கள் மட்டும்தானே இருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் என் வாதம் இல்லை. பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிற படங்கள் ஊர் ஊராக வருகின்றன. அந்த வரிசையை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் புல்லட்டின் பாட்டில், இல்லாவிட்டால் லோக்கல் பட்டறையில் அறுத்து ஒட்டிய தகரம். சுரண்டைப் பையனின் எண்ணூறு ரூபாய்க் குழாய் ரோலருக்குப் போகிறது. ஐரோப்பிய முத்திரை குத்திய டைட்டானியத்தை நிறுத்துகிற இன்ஸ்பெக்டர், "இது எந்த நாட்டு வண்டி சார்?" என்று விசாரித்து அனுப்பிவிடுகிறார். அக்ராபோவிச் ஸ்டிக்கரை ஒட்டினால் சத்தம் நாகரிகமாகிவிடுமா? அந்தக் கம்பெனி டிபி கில்லரோடுதான் விற்கிறது, கழற்றியது நீங்கள். இரண்டு குழாயும் ஒரே 95 காட்டினால் இரண்டும் ரோலருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ரோலரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

சரி, மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பெனிக் குழாய் ஒன்றும் கர்ப்பகிரகத்துச் சிலை இல்லை. சாரலிலேயே நிற்கிற வண்டியில் மைல்ட் ஸ்டீல் குழாய் துருப்பிடிக்கும். பாறையில் விழுந்தால் நசுங்கும். ஸ்பேர் கிடைக்க நாளாகும், கிடைத்தால் விலை கசக்கும். அப்போது வெளியில் வாங்குவது நியாயமான தேவை. வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் ஆர்பிஎம்மை ஏற்றிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேட்காதீர்கள். அவரை முறுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் எதிர்ச்சாரிக்குப் போய், பழக்கடைப் பாட்டி பக்கத்தில் நின்று கேளுங்கள். உங்கள் சத்தம் அங்கேதான் இருக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்: சில வண்டிகளில் பெண்ட் பைப்பில் இருக்கும், அப்போது கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் அது தப்பும், ஃபுல் சிஸ்டம் போட்டால் 2020-இல் பிஎஸ்6 என்று அரசு போராடிக் கொண்டுவந்ததை நீங்கள் ஒரு ஸ்பேனரால் பிஎஸ்-ஒன்றுக்குத் திருப்பிவிடுவீர்கள். உள்ளே அறைகள் இருக்கிறதா, அல்லது ஓட்டைக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு மட்டும்தானா என்று கேளுங்கள். பஞ்சு வகை வாங்கும்போது அடக்கமாக இருக்கும். பஞ்சு எரிந்து குறையக் குறைய மாதாமாதம் குரல் ஏறும், நமக்குப் பழகிவிடுவதால் தெரியாது. டிபி கில்லர் திருகில் மாட்டியிருந்தால் உங்கள் நண்பர்கள் ஒருநாள் கழற்றச் சொல்வார்கள், நீங்களும் கழற்றுவீர்கள். உள்ளேயே வெல்டு வைத்தது கேளுங்கள். வாய் உயரத்தில் இருக்கட்டும், ஓடையில் இறங்க வசதி. வெப்பத்தடுப்பு இல்லாத குழாய் சேடில் பேக்கை உருக்கும், பின்னால் உட்காருகிறவரின் கெண்டைக்காலையும். பங்குனி சித்திரையில் மலையடிவாரத்துப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று தெரிந்தவர்கள் தீப்பொறி வலை இருக்கிறதா என்றும் கேட்பார்கள்.

இத்தனையும் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். "அப்ப கம்பெனி பைப்பே போட்டுக்கோங்களேன் சார்." ஆமாம், பெரும்பாலான வண்டிக்குக் கடைசியில் வந்து நிற்கிற பதில் அதுதான். கம்பெனியில் நாலைந்து வருஷம் உட்கார்ந்து எஞ்சினையும் குழாயையும் ஒன்றுக்கொன்று பொருத்தியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை.

மிச்சமாகிற காசில் 21 இஞ்ச் முன் சக்கரத்துக்கு மண்ணைப் பிடிக்கிற நல்ல டயர் ஒன்று வாங்கலாம். முறுக்கின நேரத்தில் கிடைக்கிற ஒரு குதிரைத்திறனைவிட ஈர வரப்பில் அது நூறு மடங்கு பேசும். கணுக்காலை மூடுகிற பூட்ஸ் வாங்கலாம். இயர்பிளக் வாங்குங்கள், காற்றுக்குத் தேவைதான். வயலுக்கு நூறு அடி முன்னாலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, இயர்பிளக்கையும் உருவிவிட்டு இறங்கிப் போனால், ஒவ்வொரு பூவிலும் நாலைந்து தேனீ இருப்பது கேட்கும். அது இல்லாமல் சூரியகாந்தியில் விதை சரியாகப் பிடிக்காது. தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்திருப்பார். செடியை மிதிக்காமல் எடுக்கச் சொல்வார், சிலர் காசு கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.